இணையத்தைப் பங்கிடுவது யார்? எமது பிள்ளைகளுக்குக் கிடைப்பது எவ்வளவு?

எமது ஊர்ப் பாடசாலைகளுக்கு இப்போது ஸ்மார்ட் போர்ட்கள் வந்துகொண்டிருக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் வாங்கிக் கொடுக்கின்றன. வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் பணம் அனுப்புகிறார்கள். திறப்பு விழா நடக்கிறது, அதிபர் நன்றியுரை சொல்கிறார், படங்கள் பேஸ்புக்கில் பகிரப்படுகின்றன. நாட்டில் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென ஓர் அமைச்சே இயங்கும் காலம் இது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த ஸ்மார்ட் போர்டுக்கு வரும் ஒற்றை இணைய இணைப்பை இன்னும் எத்தனை பேர், எதற்காகப் பாவிக்கிறார்கள் என்ற கேள்வி எந்தத் திறப்பு விழாவிலும் எழுவதில்லை. வகுப்பறைப் பாடம், அலுவலக வேலை, பாதுகாப்புக் கெமரா, ஆசிரியர்களின் கைப்பேசிகள் என எல்லாமே ஒரே இணைப்பில்தான் ஓடுகின்றன. அந்த இணைப்பின் கொள்ளளவை, அதாவது பேண்ட்வித்தை, யாரும் பங்கிட்டுக் கொடுக்காவிட்டாலும் அது பங்கிடப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதிகமாக இழுக்கக்கூடியவன் அதிகமாக எடுத்துக்கொள்கிறான். மென்மையாகக் கேட்பவன் காத்திருக்கிறான்.

இதை ஒரு தொழில்நுட்ப விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பாடசாலையின் ரவுட்டரில் தொடங்கும் இதே கேள்வி, நாம் வாங்கும் டேட்டா பெக்கேஜிலும் இருக்கிறது. 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது எமது கைப்பேசிகளில் வட்ஸ்அப் நின்றுபோனதிலும் இருந்தது. சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு வகுப்பறை அனுபவம்

தமிழ் மொழி மூல முஸ்லிம் பாடசாலைகளில் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் கற்பிக்கும் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊரில் இல்லை. எனவே காலையில் இரண்டு பாடவேளைகள் அவர் இங்கு கற்பிப்பதை நேரலையில் அங்குள்ள மாணவர்களும் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்தோம்.

முதல் வாரமே தோல்வி. அவர் தொகையீட்டில் ஒரு படியை விளக்கிக்கொண்டிருக்கும்போது அங்கே படம் உறைந்துவிடும், குரல் துண்டு துண்டாகப் போகும். பத்து நிமிடம் பொறுத்த பிள்ளைகள் பிறகு கொப்பியை மூடிவிடுவார்கள். "கனெக்ஷன் வேகம் போதாது" என்று முடிவெடுத்து அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, கூடிய விலையுள்ள பெக்கேஜுக்கு மாறினோம். நிலைமையில் ஒரு மாற்றமும் இல்லை.

பழைய மாணவர் ஒருவர் கொழும்பில் வலையமைப்புத் துறையில் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்தவர் ரவுட்டரைத் திறந்து அரை மணித்தியாலத்தில் காரணத்தைக் காட்டினார். நாங்கள் காசு கொடுத்து உயர்த்தியது பதிவிறக்க வேகத்தை. பாடம் இங்கிருந்து வெளியே போகிறது. அதற்குத் தேவை பதிவேற்ற வேகம். அது முன்பு இருந்த 10 மெகாபிட்டிலேயே இருந்தது. அந்த 10 இல் ஏறத்தாழ 8 ஐ எட்டு சிசிடிவி கெமராக்கள் இரவு பகலாகத் தமது படங்களை வெளியிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்புவதில் விழுங்கிக்கொண்டிருந்தன. மீதியில் ஆசிரியர்களின் கைப்பேசிகள் தாமாகவே புகைப்படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தன. ஆளில்லாத நடைபாதையைப் படம்பிடிக்கும் கெமராவுக்கு எமது கணித ஆசிரியரை விடக் கூடிய பங்கு கிடைத்துக்கொண்டிருந்தது. இதை யாரும் தீர்மானிக்கவில்லை. யாரும் தீர்மானிக்காததால்தான் அப்படி நடந்தது.

பங்கீடு எப்படி நடக்கிறது?

இணையத்தில் போகும் எல்லாமே சிறு சிறு பொட்டலங்களாகப் போகின்றன. ஒரு வழியில் போகக்கூடியதை விட அதிகமான பொட்டலங்கள் வந்தால் அவை வரிசையில் நிற்கும். வரிசை நிறைந்தால் மிகுதி கைவிடப்படும். எதுவும் செய்யாவிட்டால் வரிசை ஒன்றுதான். முதலில் வந்தது முதலில் போகும். கோதுமை மா லொறிகளும் அம்பியுலன்ஸும் ஒரே வரிசையில் நிற்பதற்கு இது சமம்.

இதற்கான தீர்வு புதியதல்ல. பொட்டலங்களுக்கு வகுப்புக் குறியிட்டு வெவ்வேறு விதமாக நடத்தும் பொது நியமம் ஒன்று 1998 இலேயே வந்துவிட்டது. எல்லா வீட்டு ரவுட்டர்களிலும் இல்லாவிட்டாலும், அலுவலகங்களுக்கென விற்கப்படும் சாதாரண விலை ரவுட்டர்களிலும் லினக்ஸ் கணினிகளிலும் இதற்கான வசதி உண்டு. போக்குவரத்தை வகுப்புகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு இலக்கங்களை நிர்ணயிக்க வேண்டும். ஒன்று உத்தரவாத அளவு, அதாவது எவ்வளவு நெரிசலிலும் அந்த வகுப்புக்குக் கிடைத்தே தீர வேண்டிய பங்கு. மற்றது உச்ச வரம்பு, அதாவது மற்றவர்கள் பாவிக்காமல் விட்டதைக் கடனாக எடுத்தாலும் தாண்டக்கூடாத எல்லை.

எமது பாடசாலையில் முதலில் மொத்தத்தை 10 அல்ல, 9 என்று ரவுட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார் அந்தப் பழைய மாணவர். இது பலருக்கு விளங்காத இடம். காசு கொடுத்து வாங்கிய ஒரு மெகாபிட்டை ஏன் விட வேண்டும்? நெரிசல் ஏற்படும்போது வரிசை எமது ரவுட்டருக்குள் உருவானால்தான் யாரை முன்னால் விடுவது என்று நாம் சொல்ல முடியும். இணைப்பை முழுதாக நிரப்பினால் வரிசை கம்பனியின் கருவிக்குள் உருவாகும். அங்கே எமது சொல் எடுபடாது.

பிறகு மூன்று வகுப்புகள். நேரலைப் பாடத்துக்கு உத்தரவாதம் 4, உச்சம் 9. அலுவலக வேலைக்கும் மாணவர் தேடலுக்கும் உத்தரவாதம் 3, உச்சம் 9. கெமரா, பிரதியெடுத்தல், மென்பொருள் புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் 2, உச்சம் 5. மூன்று உத்தரவாதங்களையும் கூட்டினால் 9. இந்தக் கூட்டல் முக்கியமானது. எல்லோரையும் திருப்திப்படுத்த ஒவ்வொருவருக்கும் 5 என்று எழுதிக் கொடுத்தால் ரவுட்டர் ஏற்றுக்கொள்ளும், ஆனால் நெரிசல் வரும் நேரத்தில் அந்த உத்தரவாதம் வெறும் எழுத்தாகிவிடும். மொத்தத்தை மீறிய வாக்குறுதிகள் எங்கே போய் முடியும் என்பது தேர்தல் மேடைகளைப் பார்த்துப் பழகிய எமக்குத் தெரியாததல்ல.

இரண்டு தவறுகளையும் செய்து திருந்தினோம். முதலாவது, "வீடியோ எல்லாவற்றுக்கும் முன்னுரிமை" என்று வகுப்பைப் பிரித்தது. இடைவேளையில் கட்டாரிலும் துபாயிலும் இருக்கும் உறவுகளுடன் ஆசிரியர்கள் பேசும் வட்ஸ்அப் வீடியோவும் பாடத்தின் பாதையில் ஏறிக்கொண்டது. இன்று பெரும்பாலான போக்குவரத்து மறைகுறியாக்கப்பட்டே செல்வதால், உள்ளே இருப்பது பாடமா அரட்டையா என்று ரவுட்டரால் நம்பகமாகப் பிரித்தறிய முடியாது. எனவே செயலியைப் பார்த்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, பாடம் நடத்தும் லெப்டொப்பைப் பார்த்துப் பிரித்தோம். அந்தக் கருவியிலிருந்து வருவது முதல் வகுப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது, பாடத்துக்கு எல்லையற்ற முன்னுரிமை கொடுத்துப் பார்த்தது. கடுமையான முன்னுரிமை என்றால் முதல் வகுப்பில் ஒரு பொட்டலம் இருக்கும்வரை மற்ற வகுப்புகள் நகராது. பாடம் நடக்கும் நேரத்தில் அலுவலகத்தில் பரீட்சை விண்ணப்பங்களைப் பதிவேற்ற முடியாமல் எழுதுவினைஞர் தவித்தார். நல்ல நோக்கத்துக்கான முன்னுரிமைக்கும் எல்லை வேண்டும் என்பதை அன்றுதான் அனுபவத்தில் கற்றோம்.

பங்கிட்டால் போதாது, அளக்க வேண்டும்

இணைப்பு போதுமானதா என்று கேட்டால் எவரும் சராசரியைத்தான் காட்டுவார்கள். எமது நாளாந்த வரைபடத்திலும் பாவனை பாதியைத் தாண்டவில்லை. இரவு முழுதும், வார இறுதி முழுதும் பாடசாலையில் ஆளில்லை என்பதையும் அந்தச் சராசரி சேர்த்துக்கொள்கிறது. வலையமைப்புகளைக் கண்காணிக்கும் பிரபலமான கருவிகள் பல ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து கோடு வரைகின்றன. அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருபது விநாடி இணைப்பு முற்றாக அடைபட்டிருந்தால் வரைபடத்தில் அது தெரியாது. ஆனால் தொகையீட்டின் அந்தப் படி அந்த இருபது விநாடிக்குள்தான் போய்விட்டிருக்கும்.

எனவே வகுப்பு வகுப்பாக மூன்று விடயங்களைப் பார்க்கப் பழகினோம். எவ்வளவு போனது, எத்தனை பொட்டலங்கள் கைவிடப்பட்டன, எவ்வளவு நேரம் வரிசையில் நின்றன. மூன்றாவதுதான் நேரலைப் பாடத்தின் உயிர். குரல் உரையாடலுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டிச் செல்லச் செல்ல ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் பேசத் தொடங்குவார். கேள்வி கேட்ட பிள்ளை, ஆசிரியர் கவனிக்கவில்லை என்று நினைத்து அமர்ந்துவிடும்.

இதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இணைப்பு ஓய்வாக இருக்கும்போது ஒரு தடவையும் முழு நெரிசலில் ஒரு தடவையும் எந்தக் கணினியிலும் உள்ள பிங் கட்டளையை ஓடவிட்டு இரண்டு இலக்கங்களையும் ஒப்பிட்டால் போதும். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் பிரச்சினை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. மேலும் மேலும் பெரிய பெக்கேஜ் வாங்குவது அதற்கு மருந்தாகாது.

இந்த அளவீடு இன்னொன்றையும் வெளிக்காட்டியது. நாங்கள் குறைவாக மதிப்பிட்டிருந்த இரண்டாம் வகுப்பில்தான் முற்பகலில் அதிகப் பொட்டலங்கள் கைவிடப்பட்டன. கெமராக்களை அசைவு இருந்தால் மட்டும் படம் அனுப்பும்படி மாற்றி, கைப்பேசிப் பிரதியெடுத்தலை இரவுக்குத் தள்ளி, மிச்சப்பட்டதை அந்த வகுப்புக்குக் கொடுத்தோம். ஒரு தடவை பங்கிட்டுவிட்டுக் கதவைப் பூட்டியிருந்தால் இது எமக்குத் தெரிந்திருக்காது. கணிதப் பாடம் இன்று ஓடுகிறது. கூடுதலாக நாம் வாங்கிய பெக்கேஜை மீண்டும் குறைத்தும் விட்டோம்.

கல்லோயா கற்றுத் தந்தது

கிழக்கில் வேளாண்மை செய்யும் குடும்பங்களுக்கு இது முற்றிலும் புதிய கதையல்ல. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டாலும், வாய்க்காலின் தலைப்பில் இருப்பவரின் வயல் நிறைந்த பின்தான் கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீர் வரும், அல்லது வராமலே போகும். வட்டவிதானை ஒருவர் ஏன் தேவைப்பட்டார் என்பது இதனால்தான். தண்ணீர் தானாக நியாயமாகப் பாய்வதில்லை.

1980 களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் விவசாயிகளை வாய்க்கால் வாய்க்காலாக ஒன்று கூட்டி அமைப்புகளை உருவாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொஃப் அதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். அணையில் தண்ணீர் குறைவாக இருந்த காலத்திலேயே தலைப்பகுதி விவசாயிகள் முறை வைத்து மதகை மூடி, கடைப்பகுதிக்குத் தண்ணீர் விட முன்வந்தார்கள் என்பதுதான் அந்த அனுபவத்தின் சாரம். தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகளும் கடைசியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்த வாய்க்கால் தொகுதி அது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீரின் அளவு கூடியதால் அது நடக்கவில்லை. யாருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் முன்னால் பேசப்பட்டு, எல்லோராலும் பார்க்கக்கூடியதாக ஆனதால் நடந்தது.

எமது இணையத்தில் இல்லாதது அந்த வெளிப்படைத்தன்மைதான்.

நாடளாவிய வாய்க்கால்

பாடசாலையில் நாம் செய்ததையே தொலைத்தொடர்புக் கம்பனிகள் இலட்சக்கணக்கானோர் மீது செய்கின்றன. செய்யாமல் இருக்கவும் முடியாது. ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் கொள்ளளவு வரையறுக்கப்பட்டது. மாலை எட்டு மணிக்கு எல்லோரும் வீடியோ பார்க்கும்போது யாரோ காத்திருக்கத்தான் வேண்டும். எனவே போக்குவரத்தை முகாமை செய்வதே அநியாயம் என்று சொல்வது சரியல்ல.

கேள்வி வேறு. வகுப்புகளைப் பிரித்தது யார்? எந்த அளவுகோலில்? பகலுக்கு ஒரு டேட்டா, நள்ளிரவுக்குப் பின் ஒரு டேட்டா என்பது நெரிசலைக் குறைக்கும் ஒரு பங்கீடு. அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது, ஆனால் நள்ளிரவு டேட்டாவில் தரம் 6 பிள்ளை பாடம் படிக்க முடியாது. பேஸ்புக்குக்கு ஒரு பெக்கேஜ், யூடியூப்புக்கு ஒரு பெக்கேஜ் என்பது இன்னொரு வகைப் பங்கீடு. அதன் அளவுகோல் நெரிசல் அல்ல, சந்தை. குறைந்த விலைப் பெக்கேஜில் வாழும் குடும்பத்துக்கு இணையம் என்றால் நாலு செயலிகள்தான் என்று ஆகிவிடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை ஒரு பாடவிதான இணையத்தளத்தைத் திறந்தால் டேட்டா தீர்ந்துவிட்டது என்ற செய்தி வருகிறது. அதே வேளையில் பேஸ்புக் தங்குதடையின்றி ஓடுகிறது. எல்லையற்றது என்று விற்கப்படும் பெக்கேஜ்களிலும் ஓர் அளவுக்குப் பின் வேகம் குறைக்கப்படுவதுண்டு. ஜிகாபைட் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும். வேகம் எப்போது, எவ்வளவாகக் குறையும் என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

வகுப்புப் பிரிப்பு நன்மைக்கும் பயன்படலாம் என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகக் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாக ஸூம் விரிவுரைகள் ஏற்பாடு செய்யப்பட்டன. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினதும் கம்பனிகளினதும் இணக்கத்துடன் அந்தப் போக்குவரத்துக்கு மாணவர்களிடம் டேட்டாக் கட்டணம் அறவிடப்படவில்லை. ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு அந்த மாதங்களில் அது உதவியாக இருந்தது. அது திறந்த முடிவு. இந்தப் போக்குவரத்து, இந்தத் தேவைக்காக, இந்தச் சலுகை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதே காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளில் பலர் வட்ஸ்அப்பில் வந்த பாடக் குறிப்புகளின் படங்களையே நம்பியிருந்தார்கள். பெற்றோர் ரீலோட் செய்து ரீலோட் செய்து களைத்தார்கள். மலையகத்திலும் ஊவாவிலும் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியதை நாம் செய்திகளில் பார்த்தோம்.

பங்கு பூச்சியமாகும்போது

ஒரு வகுப்புக்கு 4 கொடுக்கும் கருவியால் அதற்குப் பூச்சியமும் கொடுக்க முடியும். எமது சமூகம் இதை அனுபவித்திருக்கிறது.

2018 மார்ச்சில் திகன உள்ளிட்ட கண்டி மாவட்டப் பகுதிகளில் முஸ்லிம்கள் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டபோது, 7 ஆம் திகதி முதல் ஒரு வாரம் அளவில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னரும், மே மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை வன்முறைகளின்போதும் மீண்டும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, அரசுக்கெதிரான ஆர்ப்பாட்டங்களைத் தடுக்கும் நோக்கில் இன்னொரு தடை. எதிர்ப்பு வலுத்ததால் அது ஒரு நாளைக்குள்ளேயே நீக்கப்பட்டது.

இதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். 2018 இல் வெறுப்புப் பிரசாரம் பேஸ்புக்கில்தான் கொழுந்துவிட்டது. தனது தளம் வகித்த பங்குக்காக 2020 மே மாதம் அந்தக் கம்பனியே மன்னிப்புக் கேட்டது. வீடுகள் எரியும்போது அந்தத் தீயை அணைக்க எதையாவது செய்யுங்கள் என்று எம்மில் பலரும் கேட்டோம். ஆனால் அந்தத் தடை வெறுப்பைப் பரப்பியவனையும், தன் உம்மா பத்திரமாக இருக்கிறாரா என்று தேடிய மகனையும் ஒரே வகுப்பில் போட்டது. தெரிந்தவர்கள் விபிஎன் மூலம் தாண்டிப் போனார்கள். தெரியாதவர்கள் இருளில் இருந்தார்கள். வகுப்பைப் பிழையாகப் பிரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதை விடக் கசப்பான உதாரணம் இல்லை.

தடையை விட ஆபத்தானது ஒன்றுண்டு, அது மெதுவாக்குதல். தடை வந்தால் எல்லோருக்கும் தெரியும், கேள்வி எழும். ஒரு தளத்தின் வேகத்தை மட்டும் சத்தமின்றிக் குறைத்தால், "சிக்னல் சரியில்லை" என்று நாம் சொல்லிக்கொண்டு இருந்துவிடுவோம். அமெரிக்காவில் 2007 இல் கொம்காஸ்ட் கம்பனி ஒரு வகைக் கோப்புப் பகிர்வை மட்டும் இடைமறித்துக் குலைத்தது. அதை முதலில் கண்டுபிடித்தது அரசாங்கம் அல்ல. தன் வீட்டு இணைப்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பொறுமையாக அளந்து பார்த்த ஒரு வலையமைப்பு வல்லுநர். அதன் பிறகுதான் 2008 இல் அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பு கம்பனிக்கு எதிராக உத்தரவிட்டது. அந்த உத்தரவு 2010 இல் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது வேறு கதை. அளவீடு இல்லாவிட்டால் வழக்கே இருந்திருக்காது.

அயல்நாடான இந்தியா 2016 பெப்ரவரியில், எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைப்பதைத் தடை செய்தது. பேஸ்புக்கின் இலவச அடிப்படைச் சேவை அங்கு நின்றது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் கொண்டுவந்த விதிமுறை போக்குவரத்து முகாமையை அனுமதிக்கிறது. ஆனால் அது வெளிப்படையாக, பாகுபாடின்றி, தேவைக்கு மிஞ்சாமல், வணிக நோக்கமின்றி இருக்க வேண்டும் என்கிறது. எமது தொலைத்தொடர்புச் சட்டத்தின் அடித்தளம் 1991 இல் போடப்பட்டது. இலங்கையில் பொதுமக்கள் இணையத்தைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கியது அதற்கும் பின்னர். அவ்வப்போது திருத்தங்கள் வந்திருந்தாலும், ஐரோப்பிய விதிமுறையின் அந்த நான்கு நிபந்தனைகளையும் எமது ஆணைக்குழுவிடம் வலியுறுத்திக் கேட்க எமக்கு உரிமை இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலில் எமது கையில் உள்ளதிலிருந்து தொடங்கலாம். பாடசாலைக்கோ மத்ரஸாவுக்கோ ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுக்கும் சங்கங்கள், அதன் விலையில் சிறு பங்கை இணைப்பைப் பங்கிடக்கூடிய ஒரு ரவுட்டருக்கும், அதைச் சீராக அமைக்கத் தெரிந்த ஒருவரின் ஒரு நாள் நேரத்துக்கும் ஒதுக்க வேண்டும். எந்த ஊரிலும் இன்று இந்தத் துறையில் படித்த எமது பிள்ளைகள் இருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கு அழைப்பது போல இதற்கும் அழைத்தால் வருவார்கள்.

பங்கீட்டைக் காகிதத்தில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்ட வேண்டும். எந்த வகுப்புக்கு எவ்வளவு, ஏன் என்று ஒரு பக்கம் போதும். கடவுச்சொல்லை வைத்திருப்பவர் மட்டும் அறிந்த பங்கீடு, அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் மறைந்துவிடும். தவணைக்கு ஒரு தடவை அளவீட்டைப் பார்த்துத் திருத்த வேண்டும். இது தகவல் தொழில்நுட்பம் கற்கும் உயர்தர மாணவர்களுக்கு அருமையான செயற்றிட்டமும் கூட.

அடுத்து, நாட்டு மட்டத்தில். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒரு பகிரங்க அதிகார சபை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அதனிடம் எழுத்தில் கேட்கலாம். எந்தெந்த வகைப் போக்குவரத்தை வேகம் குறைக்கக் கம்பனிகளுக்கு அனுமதி இருக்கிறது? பிரதேச ரீதியாகச் சேவைத் தரம் அளக்கப்பட்டதா, அதன் முடிவுகள் எங்கே? தடை விதிக்கும்படி வரும் கோரிக்கைகளை யார் அனுப்புகிறார்கள், எழுத்திலா வாய்மூலமா? தேசிய பாதுகாப்பு என்று சில பதில்கள் மறுக்கப்படலாம். மறுப்பும் எழுத்தில் வந்தால் அது ஒரு பதிவு. மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழு இருக்கிறது. எமது சிவில் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் இதைக் கையில் எடுப்பது பயனுள்ள வேலை.

மூன்றாவது, நாமே அளப்பது. எம்-லேப் என்ற திறந்த வேகச் சோதனையும், தளங்கள் தடுக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் ஊனி என்ற செயலியும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் முடிவுகள் உலகுக்குத் திறந்தவை. பதற்றமான காலங்களில் சில தளங்களுக்குச் செல்லும் தரவுகள் வெளியே பகிரங்கமாகத் தெரியும் என்பதால் அவற்றின் எச்சரிக்கைகளை வாசித்துவிட்டே பாவிக்க வேண்டும். ஆனால் சாதாரண நாட்களில், கல்முனையிலும் புத்தளத்திலும் மாவனெல்லையிலும் மூதூரிலும் சில இளைஞர்கள் மாதம் ஒரு தடவை அளந்து வைத்தாலே, "எங்கள் ஊரில் இணையம் மோசம்" என்ற முறைப்பாடு திகதியும் இலக்கமும் கொண்ட ஆதாரமாக மாறும். ஆணைக்குழுவின் முன்னால் முறைப்பாட்டை விட ஆதாரத்துக்குப் பெறுமதி அதிகம்.

அளவில் குறைவு செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயம் அல்குர்ஆனில் இருக்கிறது. அதை நாம் சந்தையிலுள்ள தராசோடும் படியோடும் மட்டும் பொருத்திப் பார்த்துப் பழகிவிட்டோம். தராசு இன்று ரவுட்டருக்குள்ளும் கோபுரத்துக்குள்ளும் போய்விட்டது. அங்கே முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்க்க ஒரு சிறு பயிற்சி தேவைப்படுகிறது.

எமது பாடசாலையில் கெமராவிடமிருந்து கணிதப் பாடத்துக்குப் பங்கை மீட்டெடுக்க ஒரு பழைய மாணவரின் அரை நாளும், நாங்கள் செய்த இரண்டு தவறுகளை ஒப்புக்கொள்ளும் மனமும்தான் தேவைப்பட்டன. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இப்போது இடையில் கொப்பியை மூடுவதில்லை. கேள்வி கேட்கிறார்கள், பதில் உடனே போய்ச் சேர்கிறது. உங்கள் ஊர்ப் பாடசாலையின் ரவுட்டர் எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.